முளைப்பாரி எப்படிப் பச்சை பிடிக்கிறது?

குச்சனூர் வட்டாரத்தில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் முளைப்பாரி போடுவார்கள். ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பி, தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு தூவி, வெயில் எட்டாத அறையில் வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் நெடுநெடுவென்று நிற்கும். நிறம் மட்டும் வெளிர் மஞ்சள். அதில் நாலு முளையை ஆற்றில் கரைக்காமல் வெயிலில் வைத்துப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் பச்சை தட்டியிருக்கும்.

பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாக ஒரு கட்டத்தில் வெளிச்சம் கட்டாயம். அதுவரை பாதி வேலையோடு சரக்கு காத்திருக்கும். அந்தச் சரக்கு எதிலிருந்து வருகிறது? இலைக்குள் எத்தனையோ சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. மந்தையில் கலந்த நம் ஆட்டைக் காதில் போட்ட அடையாளத்தை வைத்துத்தானே பிரிக்கிறோம்? அணுவுக்கு அந்த அடையாளம் ஐசோடோப்பு: சற்றே கனமான நைட்ரஜன்-15, கதிர்வீசும் கார்பன்-14.

1945-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷெமின், நைட்ரஜன்-15 ஏற்றிய கிளைசின் என்னும் அமினோ அமிலம் 66 கிராமைத் தானே தின்று, தன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். அடையாளம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமில் இருந்தது. துணிச்சல்காரர்தான்! ரத்தச் சிவப்பும் இலைப் பச்சையும் பங்காளிகள். வளையம் ஒரே மாதிரி. நடுவில் அங்கே இரும்பு, இங்கே மக்னீசியம். இரண்டுக்கும் செங்கல் அமினோலெவுலினிக் அமிலம். எட்டு சேர்ந்தால் ஒரு வளையம். விலங்குகளில் அந்தச் செங்கல் கிளைசினும் சக்சினைல்-கோஏ என்ற சேர்மமும் சேர்ந்து வருவது. இலையிலும் அப்படித்தான் என்று வெகுநாள் நம்பினார்கள்.

1975-ல் பீல், காஃப், கிரானிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதைச் சோதிக்க எடுத்தது இருட்டில் முளைத்த பார்லி. அவர்கள் ஊர் முளைப்பாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன்-14 ஏற்றிய குளூட்டாமிக் அமிலத்தைக் கொடுத்து வெளிச்சத்தில் வைத்தார்கள். மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர் தேங்குமே, அதுபோல லெவுலினிக் அமிலத்தால் அடுத்த கட்டத்தை அடைத்துச் செங்கலைத் தேங்கவிட்டார்கள். குளூட்டாமிக் அமிலத்தில் ஐந்து கார்பன். அது சக்சினைல்-கோஏ வழியே சுற்றி வந்திருந்தால் முதல் கார்பன் கரியமில வாயுவாகக் கழன்று போயிருக்கும். முதல் கார்பனில் அடையாளம் வைத்துக் கொடுத்தபோதோ, அது கழலாமல் செங்கலிலேயே இருந்தது. ஐந்து கார்பனும் முழுசாக இறங்கியிருந்தன.

ஷெமினின் வழியும் வீண்போகவில்லை. ஒளியில் வாழும் ஊதா பாக்டீரியாக்கள் சில, தங்கள் பச்சையத்தைக் கிளைசினிலிருந்தே செய்துகொள்கின்றன.