வாரக் கடனும் அயலவர் சங்கமும்

நிலத்தை விட்டு வந்த கமக்காரக் குடும்பம் முதலில் தேடுவது அன்றாடம் காசு தரும் ஒரு தொழிலையே. மா இடித்து விற்றல், இடியப்பம் அவித்தல், தையல், சைக்கிள் திருத்துதல் போன்றவற்றுக்குப் பெரிய முதல் தேவையில்லை. அந்தச் சிறு முதலை எங்கே பெறுகிறோம் என்பதில்தான் தொழிலின் நிலைபேறு தங்கியுள்ளது.

வாசலுக்கே வந்து கடன் தருவோர், "நூற்றுக்கு 24 வட்டி" என்பார்கள். 50,000 ரூபா எடுத்தால் வட்டி 12,000. மொத்தமாக 62,000 ரூபாவை 52 கிழமைகளுக்குப் பிரித்தால், கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. ஆனால் தொடக்கத்திலிருந்தே நீங்கள் முதலையும் திருப்பிக் கட்டி வருகிறீர்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் எஞ்சியிருப்பது பாதிக் கடன்தான். வட்டியோ கடைசிவரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. மீதியைக் கொண்டு கணக்கிட்டால் உண்மையான வட்டி நூற்றுக்கு 40ஐயும் தாண்டும். ஆகவே, "வட்டி முழுத்தொகைக்கா, குறைந்துவரும் மீதிக்கா?" என்று கேட்ட பின்பே கையொப்பமிடுங்கள்.

கிழமைக் கட்டுக்காசு, கிழமைதோறும் வருமானம் தரும் தொழிலுக்கு மட்டுமே பொருந்தும். ஆடு வளர்ப்புக்கும் மிளகாய்ச் செய்கைக்கும் அப்படிக் கடன் எடுப்போர், அதை அடைக்க இன்னொரு கடன் எடுக்கின்றனர். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் கட்டமுடியாமல் போன ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் வழங்க வேண்டியதாயிற்று.

வேறு வழி புதியதன்று. ஜேர்மனியில் வறிய கமக்காரருக்காக ரைபைசன் 19ஆம் நூற்றாண்டில் கடன் சங்கங்களை அமைத்தார். இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. இன்றும் சிக்கன கடனுதவு சங்கங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. 15 குடும்பங்கள் கிழமைக்கு 100 ரூபா வீதம் சேமித்தால் ஒரு வருடத்தில் 78,000 ரூபா சேரும். மாதம் நூற்றுக்கு ஒன்று என மீதிக்கு மட்டும் வட்டி எடுத்தாலும், அந்த வட்டி வெளியே போகாது. கடன் பெற்றவரின் கடையில் மற்ற 14 வீட்டாரும் சாமான் வாங்கினால், அவர்களுடைய சேமிப்புக்கும் அதுவே காவல். (கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குவதை இங்கே நாம் சொல்லவில்லை!)

இடம்பெயர்ந்தோர் நடுவில் ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது: ஊருக்குத் திரும்பிப் போகும் குடும்பத்தின் காசு என்னாவது? இதைச் சங்கம் தொடங்கும் முதற் கூட்டத்திலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். கணக்குப் புத்தகம் சங்கத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருக்கட்டும். சேமிப்பில் ஒரு பகுதியைக் கடனாகக் கொடுக்காமல் வங்கியில் வைத்திருந்தால், போகிறவரின் பங்கை அந்தக் கிழமையே கொடுத்துவிடலாம்.