கோடு இறங்கினால் பஸ் திரும்பிவிட்டதா?

குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லை நோக்கி ஒரு பஸ் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 வினாடிகளில் அதன் திசைவேகம் சீராக உயர்ந்து, வினாடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) ஆகிறது. அதே வேகத்தில் 20 வினாடிகள் ஓடுகிறது. எதிரே ஓர் ஆட்டு மந்தை குறுக்கிடுகிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்த, 2 வினாடிகளில் பஸ் நின்றுவிடுகிறது.

மாணவர்களே, ஒரு தாளில் கிடை அச்சில் காலத்தையும் குத்து அச்சில் திசைவேகத்தையும் குறித்து இதை வரையுங்கள். ஏறும் கோடு, மட்டமான கோடு, சரிவாக இறங்கும் கோடு என மூன்று துண்டுகள் கிடைக்கும்.

மூன்றாவது கோடு எதைக் காட்டுகிறது? “பஸ் திரும்பி வருகிறது” என்று கல்லூரி மாணவர்களே சொல்வதுண்டு. அது தவறு. வரைபடம் சாலையின் படம் அன்று. கோட்டின் உயரம் அந்தக் கணத்தில் உள்ள திசைவேகத்தை மட்டுமே சொல்கிறது. கோடு இறங்கும்போதும் பஸ் திண்டுக்கல் பக்கமே நகர்கிறது, வேகம்தான் குறைகிறது. கோடு கால அச்சுக்குக் கீழே சென்றால்தான் பஸ் பின்னோக்கி வருகிறது என்று பொருள்.

கோட்டின் சாய்வு முடுக்கத்தைத் தரும். இங்கே வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைகிறது. கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு, கடந்த தூரத்தைத் தரும். பரப்பால் தூரத்தை அறியலாம் என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கோல் ஓரெம் படம் வரைந்து விளக்கினார்.

பிரேக் பிடித்த முக்கோணத்தைப் பாருங்கள். உயரம் 10, அடிப்பக்கம் 2; பரப்பு 10 மீட்டர். அதே பஸ் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? உயரம் 20. சாய்வு மாறாததால் அடிப்பக்கம் 4. பரப்பு 40 மீட்டர்! வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

இன்னும் ஒன்று உண்டு. ஆட்டைப் பார்த்த கணத்திலேயே கால் பிரேக்கை அழுத்திவிடாது. அதற்கு 1 வினாடி ஆகிறது என்று கொண்டால், முக்கோணத்துக்கு முன் ஒரு செவ்வகமும் சேரும். மொத்தத் தூரம் முதல் பஸ்ஸுக்கு 20 மீட்டர். வேகமான பஸ்ஸுக்கு 60 மீட்டர். மழையில் நனைந்த சாலையில் சாய்வு குறைந்து, முக்கோணம் இன்னும் நீளும்.

தொலைவில்தானே வருகிறது என்று சாலையில் இறங்குமுன் இந்த முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 54 கி.மீ. வேகத்துக்கும் வரைந்து பாருங்கள். விடை 37.5 மீட்டர் வரவேண்டும்.