குளிர்காலத்தில் மோட்டார் வண்டியின் கியர் இறுகுதல்: காரணமும் பரீக்ஷையும்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் மேட்டுப் பகுதிகளில் உறைபனி விழுவது வழக்கம். உதகமண்டலத்தையும் தலைகுந்தாவையும் சூழ்ந்த பள்ளங்களில் இரவின் உஷ்ணம் 0 டிகிரி சென்டிகிரேட்டுக்குச் சமீபத்திலும், சில இரவுகளில் அதற்குக் கீழும் இறங்கும். இரவு முழுவதும் வெளியில் நின்ற வண்டியில் கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி விடியுமுன் மண்டிக்குப் புறப்படுவோர், கியர் லீவர் இறுகிப்போய் முதல், இரண்டாம் கியர்களில் விழ மறுப்பதை அறிவார்கள். இது வெறும் தொல்லை மட்டுமன்று, அபாயமும் ஆகும். சுமார் 7,350 அடி உயரத்திலுள்ள உதகையிலிருந்து 1,000 அடிக்குச் சற்று மேற்பட்ட மேட்டுப்பாளையத்திற்குப் பாரவண்டி இறங்குகையில், அதைத் தாங்கிப் பிடிப்பது தாழ்ந்த கியரில் ஓடும் என்ஜினேயாகும். இரண்டாம் கியர் விழாது போனால் வண்டி நியூட்ரலில் உருளும். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் அதன் பிடிப்பு குறைந்துவிடும்.

ஆகவே இறுக்கத்தின் காரணத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம். காரணங்கள் பிரதானமாக இரண்டு. ஒன்று கியர் பெட்டியிலுள்ள எண்ணெய் குளிரில் தடித்துப் போதல். மற்றொன்று கிளச்சு முழுவதும் விடுபடாமை. முன்னதற்குப் பெட்டியைப் பிரிக்கவே வேண்டுவதில்லை. பின்னதற்குப் பெட்டியைப் பிரித்தும் பயனில்லை. ஆனால் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டால் முதற்காரியமாகப் பெட்டியைக் கழற்றுவோர் உண்டாதலால், சொந்தக்காரரே கீழ்க்கண்ட பரீக்ஷைகளைச் செய்து பார்த்துவிடுதல் நலம்.

எண்ணெயின் தன்மையை முதலில் கூறுவோம். 90 எண் கொண்ட சாதாரணக் கியர் எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் நூறு மடங்குக்கு மேல் தடித்திருக்கும். இக்காலத்து வண்டிகளில் கியர் மாறும்போது, இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்துவதற்காகப் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையங்கள் உள்ளன. அவற்றைச் சிங்க்ரோ வளையங்கள் என்பர். 1928-ம் வருஷத்தில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இவ்வேற்பாடு முதன்முதலாக வந்தது. வளையமானது ஒரு கூம்பின்மேல் அழுந்தி உராய்ந்தால்தான் வேகம் சமமாகும். தடித்த எண்ணெய் இவ்விரண்டிற்கும் நடுவில் பாய்போல் நின்று உராய்வைத் தடுக்கிறது. வேகம் சமமாகும் வரையில் வளையம் வழிவிடாது; அதையே நாம் கையில் இறுக்கமாக உணர்கிறோம். கீழ்க் கியர்களில் சமப்படுத்தவேண்டிய வேக வித்தியாசம் அதிகமாதலால் முதல், இரண்டாம் கியர்களில் தொல்லை மிகுதி.

முதற் பரீக்ஷையை என்ஜினை ஓட்டுமுன் செய்யவேண்டும். வண்டி சமதரையில் நிற்கட்டும்; கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல்லும் வைத்துவிடவேண்டும். கிளச்சை முழுவதும் மிதித்து லீவரை ஒவ்வொரு கியரிலும் போட்டுப் பார்க்கவேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது பக்கவாட்டில் அசைப்பதே கடினமானால், கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியில், லீவரையும் பெட்டியையும் இணைக்கும் கம்பியிலோ கேபிளிலோ உள்ளதென்று கொள்ளலாம். கேபிள் உறைக்குள் புகுந்த நீர் உறைபனி இரவில் கட்டியாகிவிடுவதும் உண்டு.

என்ஜின் ஓடாதபோது லீவர் இலகுவாகச் சென்று, ஓடும்போது மட்டும் இறுகுமானால் கிளச்சைச் சந்தேகிக்கவேண்டும். இதைத் தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, நியூட்ரலில் கிளச்சை அடிவரை மிதித்துப் பத்து எண்ணும் வரை பொறுத்துப் பின்பு ரிவர்ஸ் கியரில் போடுக. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ வளையம் இல்லை. கிளச்சு சரியாக விடுபட்டிருந்தால் அதற்குள் உள்தண்டு நின்றுபோயிருக்கும்; சத்தமின்றிக் கியர் விழும். பல்லோடு பல் உரசும் கரகரப்புக் கேட்டால் கிளச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தபின் இலகுவானால், கிளச்சின் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கேபிள் கிளச்சாயின் பெடலின் வெற்றசைவை அளந்து சரிசெய்தால் போதும்.

மூன்றாவது பரீக்ஷை காலமேயாகும். சமமான பாதையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் இறுக்கம் தானே மறைந்தால் குற்றம் எண்ணெயினுடையது. மறையாவிட்டால் குளிரின்மேல் பழி போடுவது வீண். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். என்ஜினின் உஷ்ணமுள் நடுவில் வந்துவிட்டதால் கியர் பெட்டியும் சூடாகிவிட்டதென்று கருதலாகாது. நின்றபடி என்ஜினை நெடுநேரம் ஓட்டினாலும் பெட்டி அதிகம் சூடேறாது. பற்கள் பாரத்துடன் சுழன்று எண்ணெயைக் கடைவதாலேயே அது சூடாகிறது. தலைகுந்தாவை அடுத்துக் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் உள்ளூர் வண்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும். உதகையிலிருந்து அவ்விடம் சேர்வதற்குள் எண்ணெய் இளகியிராது. இறக்கம் தொடங்குமுன்னரே வண்டியை நிறுத்தி இரண்டாம் கியரில் போட்டுக்கொள்ளவேண்டும். விழாவிடில் விழும் வரையில் இறங்கலாகாது. வண்டிகளுள்ள கிராமங்களின் உத்தியோகஸ்தர்கள் இப்பகுதியை டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.

எண்ணெயே காரணமென்று தெரிந்தால், வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்து, தயாரிப்பாளர் அனுமதிக்கும் பட்சத்தில் 90 அல்லது 80டபிள்யூ-90 எண்ணெய்க்குப் பதிலாக 75டபிள்யூ-90 ஊற்றலாம். டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னுள்ள எண் குறையக் குறையக் குளிரில் எண்ணெய் இளக்கமாயிருக்கும். ஜிஎல்-4 என்று குறித்திருக்கும் பெட்டியில் ஜிஎல்-5 எண்ணெயை விலையுயர்ந்ததென்று எண்ணி ஊற்றிவிடக்கூடாது. அதன் கந்தகச் சரக்கு சில பெட்டிகளில் பித்தளை வளையங்களை அரிக்கும். வழுக்கல் மிகுந்தால் வளையமும் பிடிக்காது. டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய் பொதுவாயிருப்பது பெரும்பான்மை. அவற்றிற்கு இந்த எண்கள் பொருந்தா.

மண்ணெண்ணெய் கலந்து இளக்குவதும், பெட்டியின் கீழ் நெருப்பு மூட்டுவதும் அறவே கூடாது. லீவரை முரட்டுத்தனமாய்த் தள்ளினால் வளையம் தேயும், கவை வளையும். முதல் சில கிலோமீட்டர்களில் மெதுவாக ஓட்டி, கீழ்க் கியருக்கு மாற்றும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தி, மறுபடி கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டால் வளையத்தின் வேலை பெரிதும் குறையும். பழைய லாரி ஓட்டிகளுக்கு இது கைவந்த வித்தை.

எண்ணெயை மாற்றும்போது பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்க்கவேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. ஓடைகளைக் கடக்கும் ஜீப்புகளில் பெட்டியின் காற்றுத் துவாரம் வழியாக நீர் புகுவதுண்டு. வடிகால் திருகின் காந்தத்தில் மைபோன்ற இரும்புத் தூள் சிறிது ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. எண்ணெயில் பொன்னிறப் பொடி மிகுதியாய் மின்னினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அப்பொழுதுதான் பெட்டியைப் பிரிக்கச் சொல்லவேண்டும்.