உங்களுக்குத் தெரியுமா? வண்டலூர் பூங்கா பிறந்தது எழும்பூரில்!

சிறுசேரிக் குழந்தைகள் கேளம்பாக்கம் சாலை வழியே போய்ப் புலி பார்க்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவின் கதை 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அங்கிருந்த புலியையும் சிறுத்தையையும் காணக் கூட்டம் அலைமோதவே, பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளையும் கேட்டு வாங்கினார். சில ஆண்டுகளில் எல்லாம் சென்ட்ரல் அருகே, ஆளுநர் ட்ரெவெலியன் அமைத்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. நூறாண்டுக்கு மேல் சென்னைக் குடும்பங்களின் விடுமுறை நாள் அங்கேதான் கழிந்தது. நெரிசலும் இரைச்சலும் முற்றியபின் வண்டலூர் காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985இல் புதிய பூங்கா திறந்தது. கூண்டுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்தவெளி கிடைத்தது விலங்குகளுக்குப் பெரும் நிம்மதி. ஆனால் பீப்பிள்ஸ் பார்க்கை நகரம் காப்பாற்றவில்லை. ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் நிற்பது அந்தப் பழைய பூங்கா நிலத்தில்தான்.