சீனி 'போடரில்' இருக்கிறதா, சகோதரியே?

"போடர்லதானாம் ஈக்கிது. குளிசை ஒண்டும் தரல்ல."

இப்படிச் சொல்லி நிம்மதிப் பெருமூச்சு விடும் சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்! நாற்பதைத் தாண்டிய நீங்களும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். குளிசை தரவில்லை என்பதற்காக அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை அலுமாரிக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள். குளிசையே இல்லாமல் தப்பித்துக்கொள்ள உங்களுக்குக் கிடைத்திருக்கும் தவணை அது.

வெறும் வயிற்றில் பார்த்த சீனி 100 முதல் 125 வரை இருந்தால் பல வைத்தியர்கள் 'போடர்' என்பார்கள். 126ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அப்படியே இருந்தால் அது சீனி வருத்தம்.

இந்தத் தவணையில் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. எல்லோரும் போடரில் இருந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். சராசரி வயது 51. ஒரு பிரிவினருக்கு மெட்ஃபோமின் குளிசை கொடுத்தார்கள். அது சீனி வருத்தம் வருவதை 31 வீதத்தால் குறைத்தது. இன்னொரு பிரிவினருக்குக் குளிசை இல்லை. உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைக்க வேண்டும், வாரத்தில் 150 நிமிடங்கள் வேகமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடையே குறைந்ததோ 58 வீதம்!

70 கிலோ நிறையுள்ளவருக்கு 7 வீதம் என்பது வெறும் 5 கிலோ.

"நாள் முழுக்கக் குசினிக்கும் முற்றத்துக்கும் நடக்கிறேனே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நடையில் மூச்சு வாங்குவதில்லையே! பேசிக்கொண்டே போகலாம், ஆனாலும் சற்று மூச்சு வாங்க வேண்டும், அதுதான் வேகம். சுபஹுக்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் போதும். தனியே போகக் கூச்சமாக இருந்தால் மச்சிமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி, பிளேன்டீ. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு நான்கு கோப்பை. கணக்குப் பார்த்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சீனி உங்கள் ஒருவரின் வயிற்றுக்குள்! வட்டிலப்பம் வருடத்தில் சில நாள்தான், அதை விட்டுவிடலாம். குற்றவாளி பிளேன்டீதான்.

பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறு? வீசினால் வீண்விரயம் என்று நாமே சாப்பிடுகிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழி அப்போது நினைவுக்கு வருவதில்லை. ஆக்கும்போதே அரைச் சுண்டு அரிசியைக் குறைத்துவிடுங்கள். மிஞ்சவும் செய்யாது, விரயமும் இல்லை.

ஏற்கனவே குளிசை குடிப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் வேலை. நோன்புக்கு முன்னரும் அவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

போடரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சீனியைப் பார்க்க வேண்டும். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. செலவில்லை. சீனி, பிரஷர் இரண்டையும் பார்ப்பார்கள். அடுத்த கிளினிக் எப்போது என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள். அலுமாரியில் உள்ள பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.