மடிக்கணினித் திரையில் கோடுகள்



காய்ச்சல் என்று போனவுடனே எந்த நல்ல மருத்துவரும் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. எத்தனை நாளாக, எந்த வேளையில், குளிர் உண்டா, இருமல் உண்டா என்று கேட்ட பிறகே மருந்து எழுதுகிறார். மடிக்கணினி நோயுற்றால் மட்டும் நாம் இந்த முறையை மறந்துவிடுகிறோம். திரையில் நாலு கோடு தெரிந்தவுடன், "போச்சு, மதர்போர்டு போச்சு!" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

என் அக்கா கட்டடப் பொறியியல் மாணவி. 2021 ஜூலையில், வகுப்பெல்லாம் இணையவழியில் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அம்மா சீட்டு எடுத்த பணத்தில் அவளுக்கு 54,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். ஓராண்டு உத்தரவாதம். பதினான்காம் மாதம், இறுதியாண்டுத் திட்டப்பணி தொடங்கிய சமயத்தில், அவள் வரைந்துகொண்டிருந்த மாடிக் கட்டடத்தின் மேல் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் முளைத்தன. திரை ஒரு கணம் இருண்டு மீண்டும் வந்தது. பிறகு முழுவதும் கோடுகள்.

சேவை மையத்தில், "மதர்போர்டு மாற்ற வேண்டும், 32,000 ரூபாய்" என்றார்கள். கடைத்தெருவில் ஒருவர், "சிப்பைக் கழற்றி ரீபால் செய்து தருகிறேன், 4,500 போதும், மூன்று மாதம் கியாரண்டி" என்றார். அம்மாவோ, "மெத்தை மேல் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டால் இப்படித்தான்" என்றார். அக்கா வாய் திறக்கவில்லை. பணத்தைவிட அந்தப் பழிதான் அவளை வாட்டியது என்பது எனக்குத் தெரியும்; பக்கத்தில் படுப்பவள் நான்தானே!

எங்கள் கணினி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "முதலில் எது கெட்டது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் பார்த்திருக்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த சோதனைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குக் கணினியைத் திறக்க வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

திரையில் ஒரு படம் தோன்றுவதற்குள் அது பல கைகள் மாறி வருகிறது. நாம் கேட்டதைப் படமாக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்பினுடையது. சிப்பு புரிந்துகொள்ளும்படி கட்டளைகளை மொழிபெயர்த்துக் கொடுப்பது டிரைவர். (வண்டியோட்டி அல்ல, ஒரு மென்பொருள்தான்.) வரைந்து முடித்த படம் நினைவகத்தில் தங்கி, மூடியின் கீல் வழியே செல்லும் மெல்லிய கேபிளில் ஏறித் திரைக்குப் போகிறது. இவற்றுள் எந்தக் கை நடுங்கினாலும் நம் கண்ணுக்குக் கோடுதான் தெரியும். எந்தக் கை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது திரையைப் பிடிக்கும் புகைப்படம் அன்று. நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். ஆகவே நகலிலும் கோடு இருந்தால், படம் திரைக்குப் போவதற்கு முன்பே கெட்டுவிட்டது என்று பொருள். நகல் சுத்தமாக இருந்தால் திரை, கேபிள் ஆகியவற்றின் மேல் சந்தேகம் வலுக்கும். அப்போது மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கோடுகள் வந்து வந்து மறைந்தால் பெரும்பாலும் கேபிள்தான். அதற்கு மதர்போர்டு மாற்றுவது, செருப்புக் கடித்ததற்குக் காலை மாற்றுவது போல!

அடுத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. கேபிளால் கணினியை இணையுங்கள். அங்கே படம் தெளிவாகவும் மடிக்கணினியில் மட்டும் கோடாகவும் இருந்தால், சிப்பு பெரும்பாலும் நலம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியிலும் அதே பச்சைச் சதுரம் வந்தது, ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தது. திரையும் கேபிளும் நிரபராதிகள் என்று அன்றே விடுதலை ஆயின.

எஞ்சியவை டிரைவரும் சிப்பும். திரை இருண்டு மீண்டும் வந்ததே, அது விண்டோஸ் செய்யும் ஒரு முதலுதவி. கிராஃபிக்ஸ் சிப்பிடமிருந்து இரண்டு விநாடிக்குப் பதில் வராவிட்டால், அது டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்குகிறது. நாமாகவும் இதைச் செய்யலாம்: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் அழுத்திக்கொண்டு பி எழுத்தைத் தட்ட வேண்டும். அண்மையில் ஏதேனும் புதுப்பிப்பு நடந்த பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம். சேஃப் மோடில் விண்டோஸ் மிக எளிய டிரைவரோடு ஓடும். அங்கே தொல்லை மறைந்தால் டிரைவரின் மேல் ஐயம் கொள்ளலாம். கணினி தொடங்கும்போது தெரியும் நிறுவனச் சின்னத்திலேயே கோடு இருந்தால் டிரைவரைக் குறை சொல்ல வழியில்லை. அப்போது அது வேலைக்கே வந்திருக்காது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அக்காவுடையது போன்ற பல மடிக்கணினிகளில் கிராஃபிக்ஸ் பகுதிகள் இரண்டு. ஒன்று முதன்மைச் செயலியோடு சேர்ந்தே இருக்கும். அன்றாட வேலையெல்லாம் அதனுடையது. மற்றொன்று தனிச் சிப்பு. முப்பரிமாண வரைபடம் போன்ற பாரமான வேலை வந்தால் மட்டுமே எழுந்திருக்கும். அதனால்தான் தொடக்கச் சின்னம் ஒழுங்காகத் தெரிந்தது, கடிதம் தட்டும்போது கோடு வரவில்லை, கட்டடம் வரையத் தொடங்கி அரை மணி நேரம் ஆன பிறகு மட்டும் வந்தது. டிரைவரை நீக்கிவிட்டுத் தயாரிப்பாளர் தரும் டிரைவரையே புதிதாக நிறுவினோம். பயனில்லை. காற்றுத் துவாரங்களில் தூசி இல்லை, விசிறியும் சுழன்றது. கடைசியாக டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பை மட்டும் முடக்கி வைத்தோம். கோடுகள் நின்றன! வரைபடம் ஆமை வேகத்தில் நகர்ந்தது, ஆனாலும் நகர்ந்தது. குற்றவாளி யார் என்பதும் தெரிந்தது. திட்டப்பணி தொடரவும் வழி பிறந்தது.

இனி அந்தச் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கட்டைவிரல் நகம் போன்ற சிலிக்கன் சில்லு ஒரு சிறு பலகையின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே கசகசாவை விடச் சிறிய பற்றாசுப் புள்ளிகள் ஏராளம். அவற்றைச் சுற்றிலும் ஒரு பசை. சிறு பலகையின் அடியில் இன்னொரு வரிசைப் பற்றாசு உருண்டைகள் அதை மதர்போர்டோடு இணைக்கின்றன. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையை இயற்பியலில் படித்திருக்கிறோம் அல்லவா? சூட்டில் ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரிவதால் பட்டை வளைகிறது. இங்கும் அதே கதைதான். சிலிக்கனைவிட அடிப்பலகை பல மடங்கு அதிகமாக விரிகிறது. வேலை செய்யும்போது சூடு, அணைத்தால் குளிர்ச்சி. நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியை நடுவில் இருக்கும் புள்ளிகள் தாங்குகின்றன. அவற்றைக் காப்பது பசை. பசையோ பற்றாசோ சரியான தேர்வாக இல்லாவிட்டால், ஒரு நாள் மயிரிழை விரிசல் விழும்.

இது வெறும் ஊகமன்று. என்விடியா நிறுவனமே 2008 ஜூலையில், தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சிப்புகளில் சிலவற்றில் சில்லையும் உறையையும் சேர்ந்த பொருள்கள் வலுவற்றவை என்று அறிவித்தது. பழுதுபார்ப்புக்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. டெல் நிறுவனம் விசிறியை அதிக நேரம் சுழலவைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை மேலும் 12 மாதம் நீட்டியது. எச்.பி. நிறுவனமும் தன் மாதிரிகள் சிலவற்றுக்கு உத்தரவாதத்தை நீட்டித்தது. ஆப்பிள் செய்தது சுவையானது. உங்கள் கணினிகளில் குறை இல்லை என்று என்விடியா அந்நிறுவனத்துக்கு உறுதி கூறியிருந்தது. ஆப்பிள் தானே ஆராய்ந்து பார்த்து, 8600எம் ஜி.டி. சிப்பு உள்ள சில மேக்புக் ப்ரோ கணினிகளில் குறை உண்டு என்று 2008 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. வாங்கி இரண்டு ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்வதாகவும், முன்பே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. அந்தக் கெடு பின்னர் மேலும் நீட்டப்பட்டது.

அதே ஆப்பிளை அடுத்த முறை அசைக்க நெடுநாள் ஆயிற்று. 2011 ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்கள் சிலவற்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சிப்பு இருந்தது. திரை சிதைவதும் கணினி தானாக அணைந்து எழுவதும் பலருக்கு நேர்ந்தன. கையெழுத்து வேட்டை நடந்தது. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் பலர் சார்பில் வழக்கும் தொடுக்கப்பட்டது. 2015 பிப்ரவரியில்தான் இலவசப் பழுதுநீக்கும் திட்டம் வந்தது. ஒருவர் சொன்னால் 'நீங்கள் கையாண்ட விதம்' என்பார்கள். ஆயிரம் பேர் ஒரே அறிகுறியைச் சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மேசை மேல் வைத்து ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களின் கணினியும் கெட்டிருக்கிறது என்று கேட்ட பிறகு மெத்தைப் பேச்சு நின்றது. (மெத்தை துவாரத்தை அடைக்கும், சூட்டை ஏற்றும் என்பதும் உண்மைதான். அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.)

ரீபால் கதையும் இப்போது விளங்கும். அவர்கள் மாற்றுவது அடியில் இருக்கும் பெரிய உருண்டைகளை. விரிசல் மேலே, சில்லுக்கு அடியில் இருந்தால் அங்கே அவர்கள் கை எட்டாது. வேலையின்போது ஏறும் வெப்பத்தில் விரிசல் அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். சில வாரம் ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி! மதர்போர்டை அடுப்பில் வைத்துச் சுடுவதும் இதே வகை வைத்தியம்தான். பற்றாசுப் புகையில் சமையல் பாத்திரத்தைக் காட்டுவது போதாக்குறைக்கு ஓர் ஆபத்து.

அக்கா தயாரிப்பாளருக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் கடிதம் இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் வருத்தம். "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதற்கு வருந்துகிறோம்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அப்போது ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "உத்தரவாதம் இருக்கும்போது எப்போதாவது இதே தொல்லைக்குக் காட்டினீர்களா?" அக்காவுக்கு நினைவு வந்தது. 2022 மே மாதம், பத்தாம் மாதத்தில், திரை ஒருமுறை இருண்டதற்காகச் சேவை மையத்துக்குப் போயிருந்தாள். டிரைவரைப் புதுப்பித்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஜாப் ஷீட் எங்கே? வீட்டைப் புரட்டினோம். கடைசியில் மின்கட்டண அட்டைக்குள் மடித்து வைத்திருந்தவர் அப்பா! 'அவ்வப்போது திரை மறைகிறது' என்று தேதியோடு எழுதியிருந்தது.

இரண்டாம் கடிதம் ஒரே பக்கம். மாதிரியின் பெயர், வரிசை எண், வாங்கிய தேதி. தொல்லை எந்த வேலையில், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு வருகிறது. செய்த சோதனை ஒவ்வொன்றும் அதன் முடிவும். தனிச் சிப்பை முடக்கினால் மறைகிறது என்ற செய்தி. இணைப்பாகப் பில், ஜாப் ஷீட், ஸ்கிரீன்ஷாட், தொலைக்காட்சித் திரையைப் பிடித்த படம். கடைசி வரியில், "இக்குறை உத்தரவாதக் காலத்திலேயே தங்கள் மையத்தில் பதிவாகி, தீராமல் தொடர்கிறது. ஆகவே கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டுகிறேன்" என்று எழுதினாள். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. தயாரிப்பாளருக்கு நேராக அனுப்பி, சேவை மையத்துக்கு ஒரு நகல் கொடுத்தாள்.

அப்படியும் மறுத்திருந்தால் என்ன செய்வது? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் தொலைபேசி வந்தது. பலகை இலவசம், வேலைக் கூலி 1,200 ரூபாய் என்றார்கள். கூலியையும் கேட்டு வாதாடலாம் என்றேன் நான். திட்டப்பணி காத்திருக்கிறது என்று அக்கா கட்டிவிட்டாள்.

கொடுப்பதற்கு முன் அவள் தன் கோப்புகளையெல்லாம் வெளி வட்டில் நகல் எடுத்துக்கொண்டாள். நல்லதாயிற்று. பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்த கணினியில் ஒரு கோப்புக்கூட இல்லை. புதிதாய் வாங்கியது போலத் துடைத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிரவே கட்டடத்தைத் திறந்து இரண்டு மணி நேரம் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். சதுரம் இல்லை, கோடு இல்லை. அடியில் அம்மா கொண்டுவந்து வைத்த மணைப் பலகை இருந்தது.