'கடகட' சத்தம் நார்மலா, பழுதா? டிசிடி கியர்பாக்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சேலம் ஐந்து ரோடு. ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே சாயங்கால டிராஃபிக். ஆட்டோமேட்டிக் கார் ஒன்று அடி அடியாக நகர்கிறது. சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து 'கடகட'ன்னு தகரச் சத்தம். வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் பதில் ரெடி: "சார், டிசிடின்னா இப்படித்தான் இருக்கும். நார்மல்."

இந்த 'நார்மல்' என்ற வார்த்தையில்தான் மொத்தப் பிரச்னையும் இருக்கு. அந்தச் சத்தம் நிஜமாகவே சாதாரணமானதாக இருக்கலாம். வாரண்டி முடிந்த மறு மாதம் லட்ச ரூபாய் கணக்கில் வரப்போகும் பில்லின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ரெண்டு கிளட்ச் எதுக்கு?

டிசிடி என்றால் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இதற்கு டிஎஸ்ஜி என்று பெயர். டாடா இதை டிசிஏ என்கிறது. 1, 3, 5, 7 கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6 கியர்களுக்கு இன்னொன்று. வண்டி இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கியர் தயாராக விழுந்து காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. வேகமும் மைலேஜும் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் இது பழைய மாதிரி ஆட்டோமேட்டிக் கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. வண்டி ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. டிசிடியில் இருப்பது மேனுவல் வண்டி மாதிரியே நிஜ கிளட்ச் தட்டு. பெடல்தான் இல்லை, மிதிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. டிராஃபிக்கில் ஊரும்போது அது செய்வது நம்ம ஊர் பாஷையில் 'ஹாஃப் கிளட்ச்'. நாமக்கல்லில் லாரி ஓட்டப் பழகும் பையன் முதல் வாரமே திட்டு வாங்குவது எதற்கோ, அதையேதான்.

அந்தத் தட்டு உலர்ந்த வகையா, எண்ணெயில் நனைந்த வகையா என்பது முக்கியம். ஹூண்டாய், கியா கார்களில் வரும் 7 கியர் டிசிடியும், குஷாக், ஸ்லாவியா, டைகுன், விர்டஸ் 1.5 டிஎஸ்ஐயில் வரும் 7 கியர் டிஎஸ்ஜியும் உலர் கிளட்ச் வகை. சூடு காற்றில்தான் ஆற வேண்டும். 2022ல் அல்ட்ராஸில் டாடா கொண்டுவந்தது எண்ணெய் கிளட்ச்; அதில் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொள்ளும். சேலத்து மே மாத வெயில், 20 கொண்டை ஊசி வளைவு ஏற்காடு மலைப்பாதை, 70 வளைவு கொல்லிமலை. உலர் கிளட்சுக்கு இதெல்லாம் நிஜமான பரீட்சை.

எந்தச் சத்தம் எதனால்?

டிஎஸ்ஜி வண்டியில் டிரைவர் கதவைத் திறந்ததும் 'விர்'னு ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். எண்ணெய் அழுத்தம் ஏற்றும் மோட்டார் அது. வேகத்தடை, பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது வரும் லேசான கடகடப்பு, பெரும்பாலும் பாரம் இல்லாமல் காத்திருக்கும் கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது. கேட்க நல்லா இருக்காது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி உடம்பு முழுக்க நடுங்குவது, சத்தம் மாதா மாதம் கூடிக்கொண்டே போவது, ரிவர்ஸ் விழத் தயங்குவது, கருகல் வாசனை, டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை. குறிப்பாக நடுக்கம். தட்டின் மேற்பரப்பு சூட்டில் பளபளப்பாகி வழுக்கினாலும், எண்ணெய் கசிந்து தட்டில் பட்டாலும் அது வரும். இதை 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது.

'நீங்க ஓட்டுற விதம் சரியில்லை'

இந்தப் பதிலைக் கேட்ட முதல் ஆள் நீங்க இல்லை. ஃபோர்டின் 'பவர்ஷிஃப்ட்' உலர் கிளட்ச் கியர்பாக்ஸில் இதே நடுக்கம் பல நாடுகளில் புகாரானது. தரக் குறைபாட்டின் அறிகுறிதான் நடுக்கம் என்று தெரிந்திருந்தும், வாடிக்கையாளர் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பியதாக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் கார்கள் தொடர்பான அந்த வழக்கில், 2018 ஏப்ரலில் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அமெரிக்காவில் 2014லேயே அந்த கிளட்சுக்கு வாரண்டியை 7 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் என்று ஃபோர்டு நீட்டியிருந்தது.

ஃபோக்ஸ்வாகன் கதையும் உண்டு. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி டிஎஸ்ஜி புகார்களை ஒளிபரப்ப, சில நாளிலேயே அங்கே 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே வருஷம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்ற வேண்டி வந்தது. வெயிலும் ஈரப்பதமும் நின்று நின்று போகும் டிராஃபிக்கும் உள்ள ஊர்களில் சிக்கல் வரலாம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

வாரண்டி என்ன சொல்லுது?

வாரண்டி புத்தகத்தை யாரும் படிப்பதில்லை (நாங்களும் இந்தக் கட்டுரைக்காகத்தான் எடுத்தோம்). பொதுவாக இரண்டு வரிகள் கண்ணில் படும்: தேய்மானப் பாகங்களுக்கு வாரண்டி இல்லை, வண்டியின் இயக்கத்தைப் பாதிக்காத சத்தம், அதிர்வுக்கு வாரண்டி இல்லை. கிளட்ச் தட்டை முதல் வரியிலும், கடகடப்பை இரண்டாவது வரியிலும் தள்ளிவிட்டால் கதை முடிந்தது.

அதனால் போராட்டமே காகிதத்தில்தான். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீங்க. 'கிளம்பும்போது நடுக்கம், முதல் கியரில்' என்று நீங்க சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கணும். 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதினாலும் பரவாயில்லை, தேதியும் கிலோமீட்டரும் பதிவாகிவிடும். வாரண்டி காலத்துக்குள் மூன்று முறை பதிவான புகாரை, வாரண்டி முடிந்தபின் புதுசாக வந்தது என்று சொல்வது கஷ்டம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு வீடியோ, சூடான பிறகு ஒன்று எடுத்து வைங்க. சத்தம் வரும் அதே ரோட்டில் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கினால், அதில் கிளட்சும் அதை இயக்கும் யூனிட்டும் சேருதா என்று எழுத்தில் கேளுங்க.

அப்பவும் நடக்கலைன்னா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்க வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூரில் வண்டி எடுத்தவரும் நாமக்கல்லிலேயே போடலாம். கொடுத்த விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் போடணும். 3 மாதத்தில், நிபுணர் ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும்.

ஒன்றை முன்னாடியே சொல்லிடணும். புதுக் கார் கேட்டால் கிடைப்பது அரிது. வாரண்டியில் பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது மட்டும்தான் பொறுப்பு என்று இருந்தால், முழுக் காரையும் மாற்றித்தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிளட்சை மாற்றித் தாங்க, அலைச்சலுக்கு இழப்பீடு தாங்க என்று கேட்பதுதான் நிற்கும்.

ஓட்டும்போது?

டிராஃபிக்கில் ஒரு கார் இடைவெளி விட்டு, பிறகு பிரேக்கை முழுசா விட்டு நகருங்க. அங்குலம் அங்குலமாக ஊராதீங்க. மலையேற்றத்தில் முன்னால் பஸ் நின்றால், ஆக்சிலேட்டரில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக் போடணும். சூடு எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, 'பி'யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஆறவிடுங்க.

செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஈகோஸ்போர்ட் பார்க்கிறவங்களுக்கு: 2013 முதல் 2017 வரை வந்தது இரட்டை கிளட்ச். 2017 நவம்பரில் வந்த புது மாடலில் இருந்து டார்க் கன்வெர்ட்டர். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்க. பழையதுதான் வேணும்னா, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணி, மேடான இடத்தில் ரெண்டு மூணு தடவை நிறுத்திக் கிளப்பிப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.